குற்றாலம் ரிசார்ட்டும் அதிமுகவில் நடக்காத தேர்தலும்

2018 அக்டோபர் கடைசி வாரம். குற்றாலத்தில் சாரல் சீசன் முடிந்து, சபரிமலைக்குப் போகிற கூட்டம் இன்னும் ஆரம்பிக்காத இடைவெளி. அந்தப் பக்கம் பாபநாசத்தில் தாமிரபரணி புஷ்கரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, டி.டி.வி. தினகரன் அணியில் இருந்து தகுதி நீக்கம் செய்யப்பட்ட எம்.எல்.ஏக்கள் குற்றாலத்தில் வந்து தங்கினார்கள். இடம், முன்னாள் அமைச்சர் இசக்கி சுப்பையாவின் ரிசார்ட். குளிக்க வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். 25-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்கள் வழக்கின் தீர்ப்பு.

அந்தச் செய்தியில் என்னை உறுத்தியது ஒரு சின்ன விஷயம். அன்றைய தேதியில் அவர்கள் எம்.எல்.ஏக்களே இல்லை. 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் பதினெட்டுப் பேரின் பதவியையும் பறித்துவிட்டார். 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னதால் வழக்கு மூன்றாவது நீதிபதி எம். சத்யநாராயணனிடம் போயிருந்தது. ஆக, பதவி திரும்பக் கிடைக்கலாம் என்ற வாய்ப்பு மட்டும்தான் கையில் இருந்தது. அந்த வாய்ப்பையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் காவல் காக்க வேண்டியிருந்தது. கூவத்தூரில் தொடங்கி, புதுச்சேரி, குடகு வழியாகக் குற்றாலம் வரைக்கும் வந்த பழக்கம் இது.

அதிமுக பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு வாசகம் உண்டு: அம்மா இறந்த பிறகு தலைமைப் போட்டி இழுத்துக்கொண்டே போனது, அதனால் கட்சி உடைந்தது, ஒன்றுசேர்ந்தால் சரியாகிவிடும். ஓ.பி.எஸ். இதைச் சொன்னார், சசிகலா சொன்னார், 2025 செப்டம்பரில் செங்கோட்டையன் பத்து நாள் கெடு வைத்துச் சொன்னார். மறுநாளே அவருடைய கட்சிப் பொறுப்புகள் போயின, அக்டோபர் 31 அன்று கட்சியை விட்டே நீக்கினார்கள், நவம்பரில் அவர் விஜய் கட்சிக்குப் போய்விட்டார். டிவி விவாதங்களிலும் இதே பாட்டுதான். இந்த வாசகத்தோடுதான் எனக்குச் சண்டை. போட்டி நீண்டதால் கட்சி உடைந்தது என்பது பாதி உண்மைகூட இல்லை. போட்டியின் கசப்பு எல்லாம் நடந்தது. போட்டி மட்டும் நடக்கவில்லை.

இதைச் சொல்ல அதிமுகவின் சட்டவிதிப் புத்தகத்துக்குப் போக வேண்டும். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. மற்ற விதிகளைப் பொதுக்குழு மாற்றலாம், இதை மட்டும் மாற்றக் கூடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அமெரிக்காவில் பிரைமரி என்று கொண்டாடுகிறார்களே, காகிதத்தில் பார்த்தால் அதைவிடச் சுத்தமான ஏற்பாடு. கட்சி சொல்லும் கணக்குப்படி ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள். ஒன்றரைக் கோடி ஓட்டு!

நடந்தது என்ன? 2016 டிசம்பர் 5 ஜெயலலிதா மரணம். 29-ஆம் தேதி பொதுக்குழு கூடி சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமித்தது. உறுப்பினர் ஓட்டு இல்லை. 2017 பிப்ரவரி 7 ராத்திரி மெரினாவில் ஓ.பி.எஸ். தியானம். பிப்ரவரி 18 அன்று சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமிக்கு 122, எதிர்ப்பு 11. இது ஆட்சிக்கான ஓட்டு, கட்சிக்கானது இல்லை. ஆகஸ்ட் 21 இரண்டு அணியும் இணைந்தன. செப்டம்பர் 12 பொதுக்குழுவில் பொதுச்செயலாளர் பதவியையே எடுத்துவிட்டு ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரட்டை நாற்காலி போட்டார்கள். 2021 டிசம்பரில் அந்த இரட்டை நாற்காலிக்குத் தேர்தல் என்றார்கள். மனு வாங்கப் போன தொண்டர் ஒருவருக்குக் கட்சி ஆபீஸ் வாசலிலேயே அடி விழுந்தது. இருவரும் போட்டியின்றித் தேர்வு. 2022 ஜூன் 23 பொதுக்குழுவில் ஓ.பி.எஸ். பக்கம் தண்ணீர் பாட்டில் பறந்தது, ஜூலை 11-ல் அவர் நீக்கப்பட்டார், ராயப்பேட்டை தலைமை அலுவலகத்துக்கு சீல் விழுந்தது. 2023 மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே விதி மாறியிருந்தது: போட்டியிட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்து வருஷம் தலைமைக் கழக நிர்வாகியாக இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஆளின் மனுதான் வந்தது. மார்ச் 28 அன்று எடப்பாடியார் பொதுச்செயலாளர்.

ஆறேகால் வருஷம். இவ்வளவு நீண்ட தலைமைப் போட்டியில் அந்த ஒன்றரைக் கோடிப் பேரில் ஒருத்தர்கூட ஒரு ஓட்டுப் போடவில்லை.

மேலகரம் பக்கம் ஒரு டீக்கடையில் வயசான கிளைச் செயலாளர் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். எம்.ஜி.ஆர். காலத்து ஆள். சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்துக் காட்டினார். "அண்ணாச்சி, நீங்க எடப்பாடியா, ஓ.பி.எஸ்ஸா?" என்று கேட்டேன். "எங்கிட்ட எவன்வே கேட்டான்?" என்றார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் சொன்ன ஆள் தோத்திருந்தா, சரி தோத்தாச்சு, போஸ்டர் ஒட்டுற வேலையப் பாப்போம்னு இருந்திருப்பேன். இப்ப தோத்தேனா ஜெயிச்சேனான்னே தெரியலையே." கடைசியில் சொன்னாரே, அதுதான் எனக்கு முழு விஷயமாகப் பட்டது.

ஏன் எண்ணவில்லை என்பதற்கு ஆசை, பயம் தவிர ஒரு சட்டக் காரணமும் இருக்கு. இரட்டை இலை யாருக்கு என்ற தகராறு வந்தால் தேர்தல் ஆணையம் 1968-ஆம் வருஷத்துச் சின்னங்கள் ஆணையின் 15-ஆவது பத்தியை எடுக்கும். காங்கிரஸ் 1969-ல் உடைந்தபோது வந்த சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971-ல் ஏற்றுக்கொண்ட அளவுகோல் பெரும்பான்மை: எம்.பி., எம்.எல்.ஏக்களில் எத்தனை பேர், கட்சி அமைப்பின் மேல்மட்டத்தில் எத்தனை பேர். தொண்டர்களின் மனசும் அந்த எண்ணிக்கையில் தெரிந்துவிடும் என்பது அதன் தர்க்கம். 2017 நவம்பர் 23 அன்று எடப்பாடி-ஓ.பி.எஸ். தரப்புக்கு இரட்டை இலை கிடைத்ததும் இந்தக் கணக்கில்தான். அதாவது சட்டத்தின் கண்ணில் அதிமுக என்பது நூற்றுச் சொச்சம் மக்கள் பிரதிநிதிகளும் சுமார் 2,600 பொதுக்குழு உறுப்பினர்களும். இது ரிசார்ட்டில் அடங்குகிற எண்ணிக்கை. ஒன்றரைக் கோடிப் பேரைக் குற்றாலத்தில் வைத்துப் பூட்ட முடியாது, ஐந்தருவி தாங்காது.

இந்த இடத்தில் 1989 ஞாபகம் வருகிறது. எம்.ஜி.ஆர். இறந்ததும் ஜானகி அணி, ஜெயலலிதா அணி. 1988 ஜனவரி 28 நம்பிக்கை ஓட்டெடுப்பில் சபாநாயகர் பி.எச். பாண்டியன் ஜெயலலிதா ஆதரவு எம்.எல்.ஏக்களைத் தகுதி நீக்கம் செய்தார், சபைக்குள் போலீஸ் தடியடி, இரண்டு நாளில் ஆட்சி கலைப்பு. இரட்டை இலை முடக்கம். 1989 ஜனவரி தேர்தலில் ஒரு பக்கம் சேவல், இன்னொரு பக்கம் இரட்டைப் புறா. முடிவு: சேவலுக்கு 27 இடம், புறாவுக்கு 2. ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாளே தோற்றார். அடுத்த மாதமே அவர் அரசியலை விட்டு ஒதுங்கினார், கட்சி இணைந்தது, இலை திரும்பி வந்தது. மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் ஜெயித்தும் காட்டினார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் சட்டமன்றம், ராஜ்பவன், தேர்தல் ஆணையம் என்று இழுத்தும் தீராதது ஓட்டு எண்ணிய சில வாரத்தில் தீர்ந்துபோச்சு. அதிமுகவின் வரலாற்றில் உண்மையாக நடந்த ஒரே பிரைமரி அது என்றுதான் சொல்வேன். என்ன, அதை நடத்திக்கொள்ள ஒரு பொதுத்தேர்தலையே கூலியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பதிமூன்று வருஷம் வெளியே இருந்த திமுக ஆட்சிக்கு வந்தது. அந்தத் தேர்தலில் புறா சின்னத்தில் ஜெயித்த இரண்டு பேரில் ஒருவர், சேரன்மகாதேவியில் நின்ற அதே பி.எச். பாண்டியன். ஜெயலலிதா ஆதரவாளர்களின் பதவியைப் பறித்த மனிதர், பின்னாளில் அதே ஜெயலலிதாவின் கட்சியில் 1999-ல் திருநெல்வேலி எம்.பி. ஆனார். இது சந்தர்ப்பவாதம் என்று சொல்லலாம், சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு கணக்கு முடிந்ததன் அடையாளமாகவும் தெரிகிறது. யார் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்தபின் தோற்றவர் திரும்பி வர வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணுவதற்கு ஆட்சியைப் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 1954-ல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு எதிராக சி. சுப்பிரமணியம் நின்றார். அவரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் 93, சி.எஸ். 41. குலக்கல்வி விவகாரத்தில் கட்சியே இரண்டாகக் கொதித்துக்கொண்டிருந்த நேரம், சண்டை ஒன்றும் லேசானதில்லை. ஜெயித்த காமராஜர் சி. சுப்பிரமணியத்தையும் பக்தவத்சலத்தையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். இதைக் காமராஜரின் பெருந்தன்மை என்று மேடையில் சொல்வார்கள். பெருந்தன்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 41 என்ற எண்ணும் இருந்தது. அதை வைத்திருப்பவரை ஒதுக்க முடியாது. அதே சமயம் அதற்குமேல் அவர் கேட்கவும் முடியாது.

நீண்ட போட்டி கட்சியை உடைக்கும் என்ற பயம் உலகம் முழுக்க உண்டு. 2008-ல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியில் அது உச்சத்துக்குப் போனது. ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் ஜனவரி 3 அயோவாவில் ஆரம்பித்து ஜூன் 3 வரை மாநிலம் மாநிலமாக மோதினார்கள். பெண் என்றும் கறுப்பர் என்றும் வார்த்தைகள் தடித்தன. ஒபாமா வந்தால் ஓட்டே போட மாட்டோம் என்று ஹிலாரி ஆதரவாளர்களில் கணிசமானவர்கள் சொன்னார்கள். ஃபுளோரிடாவும் மிச்சிகனும் கட்சி சொன்ன தேதிக்கு முன்னாடியே பிரைமரி நடத்திவிட்டன. அந்த ஓட்டை எண்ணுவதா வேண்டாமா என்பது பெரிய தகராறு; மே 31 அன்று கட்சிக் குழு உட்கார்ந்து அந்தப் பிரதிநிதிகளுக்கு ஆளுக்கு அரை ஓட்டு என்று முடித்தது. நம் ஊர் பஞ்சாயத்து மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஜூன் 7-ல் ஹிலாரி விலகியபோது தனக்கு விழுந்த ஒரு கோடியே எண்பது லட்சம் ஓட்டைச் சொல்லித்தான் விலகினார். ஆகஸ்ட் மாநாட்டில் ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. நவம்பரில் கட்சி ஜெயித்தது, அவர் வெளியுறவு அமைச்சர் ஆனார்.

அங்கே தோற்றவர் கையில் ஒரு கோடியே எண்பது லட்சம். இங்கே ஓ.பி.எஸ். கையில் என்ன இருந்தது? தர்மயுத்தம் என்ற ஒரு வார்த்தையும் சில வழக்கு எண்களும். தன் பலம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எடப்பாடியாருக்கும் தெரியாது. தெரியாத பலத்தை ஒருவர் கூட்டித்தான் சொல்வார், இன்னொருவர் குறைத்துத்தான் மதிப்பார். பேரம் எப்படிப் படியும்?

எண்ணினால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல வரவில்லை. 1939-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580, பட்டாபி சீதாராமையாவுக்கு 1,377. எண்ணி முடித்த பிறகும் காந்தி தரப்பு ஏற்கவில்லை. மூன்று மாதத்தில் போஸ் ராஜினாமா செய்து ஃபார்வர்டு பிளாக் தொடங்கினார், தெற்கே முத்துராமலிங்கத் தேவர் அவர் பின்னால் போனார். ஜெயித்தவனை வேலை செய்ய விடாத இடத்தில் எண்ணிக்கை வெறும் காகிதம். 2022 அக்டோபரில் கார்கே 7,897, சசி தரூர் 1,072 என்று காங்கிரஸ் எண்ணியதே, அதையும் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். யார் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இருந்தாலும் தோற்ற தரூர் அடுத்த வருஷம் காரியக் கமிட்டிக்குள் வந்தார். கட்சிக்குள் அவருடைய இடத்துக்கு ஓர் அளவு கிடைத்தது.

குற்றாலத்துக்குத் திரும்புவோம். 2018 அக்டோபர் 25 தீர்ப்பு, தகுதி நீக்கம் செல்லும் என்று வந்தது. அப்புறம் நடந்ததைப் பார்த்தால், இவ்வளவு பத்திரமாகக் காத்த ஒற்றுமையின் கெட்டித்தனம் புரியும். பதினெட்டுப் பேரில் ஒருவரான செந்தில் பாலாஜி டிசம்பரிலேயே திமுகவுக்குப் போனார். 2019 மக்களவைத் தேர்தலில் அமமுக சுமார் 5 சதவீத ஓட்டோடு, ஓர் இடமும் இல்லாமல் நின்றது. ஜூனில் தங்க தமிழ்ச்செல்வன் திமுகவில் சேர்ந்தார். 2024-ல் தேனியில் அதே தினகரனைத் தோற்கடித்து எம்.பி. ஆனார். ஜூலையில் ரிசார்ட் சொந்தக்காரரே, இசக்கி சுப்பையா, தென்காசியில் பெரிய கூட்டம் போட்டு எடப்பாடியார் முன்னிலையில் அதிமுகவுக்குத் திரும்பினார். 2021-ல் அம்பாசமுத்திரம் எம்.எல்.ஏ. பூட்டி வைத்த வீட்டுக்காரரே சாவியோடு போய்விட்டார் என்று அன்றைக்குத் தென்காசியில் ஒரு நண்பர் சிரித்தார்.

பிளவால் தோற்றோம் என்பதற்கு அதிமுககாரர்கள் தென்காசி தொகுதியைத்தான் அதிகம் சொல்வார்கள். 2021-ல் காங்கிரசின் பழனி நாடார் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 ஓட்டில் வென்றார். அமமுக தனியாக வாங்கிய ஓட்டு அதைவிடப் பல மடங்கு. கூட்டிப் பாருங்கள் என்பார்கள். நானும் கூட்டிப் பார்த்தேன். கூடவே 2016-ஐயும் பார்த்தேன். அதே இரண்டு வேட்பாளர்கள், ஜெயலலிதா உயிரோடு இருந்த தேர்தல், கட்சி ஒரே கட்சி. செல்வமோகன்தாஸ் பாண்டியன் ஜெயித்தது 462 ஓட்டில். கூவத்தூர், தியானம், குக்கர், குற்றாலம் எல்லாம் நடந்து முடிந்த ஐந்து வருஷத்தில் தென்காசியில் புரண்டது 832 ஓட்டு. அமமுகவுக்கு விழுந்த அத்தனையும் இரட்டை இலை ஓட்டு என்று எடுத்துக்கொள்வதற்கும் ஆதாரம் இல்லை. "ஒன்றுசேர்ந்தால் ஜெயிப்போம்" என்கிற கூட்டல் கணக்கு, தொண்டனை ஒரு தலைவர் பையிலிருந்து இன்னொரு தலைவர் பைக்கு மாற்றக்கூடிய சில்லறையாகத்தான் பார்க்கிறது. 2017-ல் பதினெட்டு எம்.எல்.ஏக்களைப் பார்த்ததும் இதே கண்தான்.

அந்த 370-ல் இன்னொரு விஷயமும் இருக்கு. தோற்றவர் நீதிமன்றம் போனார். உத்தரவு வந்து, 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை எடுத்து மறுபடியும் எண்ணினார்கள். முடிவு மாறவில்லை, பழனி நாடார்தான். சந்தேகம் தீர்ந்தது. அதே 2023-ல்தான் அதிமுக பொதுச்செயலாளர் தேர்தலும். அதில் மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கக்கூட வழி இல்லை, எண்ணியிருந்தால்தானே!

அந்தத் தேர்தலையும் பொதுக்குழுத் தீர்மானங்களையும் எதிர்த்து நீதிமன்றத்தில் நின்றவர்களில் ஒருவர் மனோஜ் பாண்டியன். சபாநாயகராக இருந்த பி.எச். பாண்டியனின் மகன். 2017 பிப்ரவரியில் தந்தையும் மகனும் சசிகலாவுக்கு எதிராக முதலில் வாய் திறந்தவர்களில் இருந்தார்கள். 2021-ல் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தில் இரட்டை இலையில் ஜெயித்த மனோஜ் பாண்டியன் 2022 ஜூலை 11-ல் ஓ.பி.எஸ்ஸோடு சேர்த்து நீக்கப்பட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் வழக்கு, மேல்முறையீடு என்று ஓடிற்று. தந்தைக்கு 1989-ல் ஓர் எண்ணிக்கை கிடைத்தது, அதனால் திரும்ப ஒரு வழியும் கிடைத்தது. மகனுக்கு எண்ணிக்கை கிடைக்கவில்லை, தீர்ப்புகள்தான் கிடைத்தன. 2025 நவம்பர் 4 அன்று அவர் திமுகவில் சேர்ந்தார், ஆலங்குளம் எம்.எல்.ஏ. பதவியையும் விட்டார்.

மேலகரத்து அண்ணாச்சியை அதற்குப் பிறகு ஒருமுறை பார்த்தேன். ஆலங்குளம் செய்தியைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. "கார்டைப் புதுப்பிக்கணும், பத்து ரூவா" என்றார். பத்து ரூபாயைக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.